புழுக்கை பார்த்துக் குட்டி வாங்குங்கள்

பின்பக்கம் ஒரு பிலாமரமும் மதிலோரம் கொஞ்சம் நிழலும் இருந்தால், எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படியும் ஒரு ஆடு வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கூட்டு, காலைச் சாயாவுக்குப் பால், அவசரச் செலவுக்கு ஒரு கைமுதல். கல்யாணம் முடிந்து குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் வந்த வருஷம் நான் வாங்கிய முதல் குட்டி எட்டாம் நாள் செத்துப்போனது. நீளக் காதும் நெற்றியில் வெள்ளைப் பொட்டுமாக இருந்த அழகைப் பார்த்து வாங்கினேன். அதன் பின்னங்கால் ரோமத்தில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணில் பட்டும் அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. மாமியார் குழி மூடிவிட்டு வந்து, "மக்களே, ஆடு வாயால சொல்லாது, புழுக்கையாலதான் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆடு வளர்த்தாயிற்று. வீட்டுக்கு ஒன்றிரண்டு குட்டி வாங்க நினைப்பவர்களுக்காக, கண்டதையும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

1. குட்டி வாங்கத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். நமக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்குவது ஒன்று, அக்டோபரில் தொடங்குவது இன்னொன்று. மழை நேரத்தில் ஊர் மாறி வரும் குட்டிக்குச் சளியும் கழிச்சலும் சேர்ந்தே வரும். வெயில் காலத்தில் வாங்கினால் மழைக்கு முன் சில மாதம் கிடைக்கும். அதற்குள் குட்டி நம் தண்ணீருக்கும் தீனிக்கும் பழகிவிடும், தடுப்பூசியும் போட்டு முடித்துவிடலாம்.

2. எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வறண்ட பூமி, இந்தப் பக்கம் ஈரம். மேலப்பாளையம், எட்டயபுரம் சந்தைகளில் கிடைக்கும் கன்னி ஆடும் கொடி ஆடும் அருமையான சாதி. கறுப்பு உடம்பில் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும் பால்கன்னியை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது. ஆனால் அவை முள்செடி மேய்ந்து, காய்ந்த தரையில் நின்று பழகியவை. குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ஈரத்தில் கொண்டுவந்து கட்டினால் முதல் மழையிலேயே குளம்பு அழுகும், வயிற்றில் புழு பெருகும். அங்கிருந்து வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாங்கினால் தரையை உலர்வாக வைக்க உறுதி வேண்டும். மேற்குத் தாலுகாக்காரர்களுக்கு நம்மூரிலேயே பிறந்த குட்டியும், தலைச்சேரி ஆடு என்று சொல்லும் மலபாரிக் கலப்பும் பொருந்தும். மலபாரிக்கு மழை புதிதல்ல, இரட்டைக் குட்டியும் சாதாரணமாகப் போடும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்னி ஆடே போதும்.

3. முடிந்தால் சந்தையில் வாங்காமல், தாய் நிற்கும் வீட்டுக்கே போய் வாங்குங்கள். சந்தையில் நூறு ஆட்டின் மூச்சு ஒன்றாகக் கலக்கிறது. காலையில் நலமாக வந்த குட்டி மதியத்துக்குள் நோயை வாங்கிக்கொண்டு உங்களோடு வீட்டுக்கு வரலாம். வளர்த்தவர் வீட்டில் தாயைப் பார்க்கலாம், தொழுவத்தின் நாற்றத்தை வைத்தே பாதி தெரிந்துகொள்ளலாம். போகும் நேரம் சாயங்காலமாக இருக்கட்டும். மேய்ந்து வந்த ஆடு படுத்து அசைபோடும் நேரம் அது. அந்த நேரத்தில் அசைபோடாத ஆட்டுக்கு ஏதோ குறை இருக்கிறது.

4. போனவுடன் குட்டியைத் தொடாதீர்கள். கூட்டத்தை விட்டுப் பத்தடி தள்ளி நின்று கால் மணி நேரம் பாருங்கள். ஆடு பிற மிருகத்துக்கு இரையாகும் பிராணி. நோயைக் காட்டிக்கொண்டால் நரி அதைத்தான் முதலில் பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆள் அருகில் போனதும் தலையைத் தூக்கிக் காதை விறைத்து நின்றுவிடும். நாம் இருப்பதை மறந்த பிறகுதான் உண்மை தெரியும். மற்றவை தின்னும்போது ஒதுங்கி நிற்பது, முதுகைக் கூனி நிற்பது, காது தொங்குவது, ரோமம் சிலிர்த்து மங்கியிருப்பது, நின்ற இடத்திலேயே பல்லைக் கடிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் குட்டி வேண்டாம். பல்லைக் கடிப்பது பெரும்பாலும் வயிற்று வலி.

5. இனி வாலைத் தூக்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், விற்பவர் இதற்குக் கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல். வாலின் அடியும் தொடையின் உட்பக்கமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். புழுக்கை உருண்டை உருண்டையாக, தனித்தனியாக, மேலே ஒரு பளபளப்போடு விழவேண்டும். ஒன்றோடொன்று ஒட்டித் திராட்சைக் குலைபோல விழுந்தால் தீனி மாறியிருக்கலாம், அல்லது புழு இருக்கலாம். களிபோல விழுந்தால் வாங்காதீர்கள். சமைத்த அரிசி போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. மருந்து கொடுத்தால் போகும், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ரத்தமும் சளியும் கலந்திருந்தால் அந்தத் தொழுவத்திலிருந்தே வாங்க வேண்டாம். ஒன்று முதல் நான்கு மாதக் குட்டிகளை ஈரத் தரையில் பிடிக்கும் ரத்தக்கழிச்சல் அது. பக்கத்துக் குட்டிக்கும் இருக்கும்.

6. எல்லாச் சோதனையிலும் எனக்குப் பெரிய உதவியாக இருப்பது கண்ணிமைச் சோதனை. கட்டைவிரலால் மேல் இமையை லேசாக அழுத்தி, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் உள்பக்கச் சதை தெரியும். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செம்பருத்தி நிறமாக இருந்தால் ரத்தம் நன்றாக இருக்கிறது. வெளிறிய ரோஜா நிறமானால் கவனம். காகிதம் போல வெளுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வெளுப்புக்கு நம் மழைநாட்டில் முதல் காரணம், நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒரு மெல்லிய புழு. அது முற்றினால் தாடைக்கு அடியில் நீர்ப்பை போல வீக்கம் தொங்கும். புழு இருந்தாலே கழிச்சல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் புழுவில் புழுக்கை நன்றாகவே இருக்கும், ரத்தம் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். புழுக்கையை மட்டும் நம்பி நானே ஒரு பால் ஆட்டை இழந்திருக்கிறேன். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இந்த நிற மாற்றத்தை ஐந்து படியாகப் பிரித்து ஒரு அட்டையே செய்திருக்கிறார்கள். இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும் என்பது அவர்கள் முறை. கண்டபடி மருந்து கொடுத்தால் புழுவுக்கு அந்த மருந்து பழகிவிடுகிறது.

7. வாயைத் திறந்து வயதைப் பாருங்கள். ஆட்டுக்கு மேல் முன்வரிசையில் பல் கிடையாது, தடித்த ஈறுதான். புதிதாக வாங்குபவர்கள் இதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். கீழே எட்டுச் சின்னப் பால் பல் இருந்தால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றேகால் வயதுப் பக்கம். நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு, ஆறு பல் என்றால் மூன்று, எட்டும் போட்டுவிட்டால் நான்கை நெருங்குகிறது. "ஒன்றரை வயசு" என்று எட்டுப் பல் ஆட்டை விற்பவர்களும் உண்டு. வாயைத் திறந்த கையோடு நாக்கிலும் ஈறிலும் புண், தவிடு ஒட்டினாற்போன்ற படலம், கெட்ட நாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

8. மூக்கு நுனி லேசாக ஈரமாக இருக்கலாம். மஞ்சள் சளி, காய்ந்த பொருக்கு கூடாது. பிறகு குட்டியை முற்றத்தில் இருபதடி ஓட விடுங்கள். நின்றதும் இருமினாலும் வயிறு துடிக்க மூச்சு வாங்கினாலும் நெஞ்சில் சளி. நொண்டினாலும் இப்போதே தெரிந்துவிடும்.

9. வயிற்றை மட்டும் பார்த்து "கொழுத்த குட்டி" என்று முடிவு செய்யாதீர்கள். விற்கும் காலையில் உப்பும் தவிடும் கொடுத்துத் தண்ணீர் நிறையக் குடிக்கவைத்தால் எந்த ஒல்லிக் குட்டியும் உருண்டுவிடும். கையை முதுகெலும்பின் மேல் வைத்துத் தடவுங்கள். எலும்பு முனைகள் சீப்புப் பல் போலக் கையில் குத்தினால் உடம்பில் சதை இல்லை.

10. தொப்புளில் வீக்கம், மூட்டில் சூடான வீக்கம் வேண்டாம். பெட்டைக் குட்டிக்கு ஒரே அளவில் இரண்டு காம்பு, கிடாவுக்கு ஒரே அளவில் இரண்டு விதை. பால் ஆடு வாங்கினால் மடியை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். கறந்த பிறகு மடி தளர வேண்டும். கட்டி, சூடு கூடாது. முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாக நின்றால் மடிநோய்.

11. விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. பால் குடி மறந்ததா, எத்தனை நாளாயிற்று? பிறந்த அன்றே சீம்பால் குடித்ததா? ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி எப்போது போட்டது? கடைசியாகப் புழு மருந்து எப்போது? இப்போது என்ன தின்கிறது? இந்த ஒரு மாதத்தில் தொழுவத்தில் ஏதாவது செத்ததா? கடைசிக் கேள்விக்குப் பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். போன வருஷம் நான் ஒரு வீட்டில் கேட்டபோது அந்த அண்ணன், "ஒண்ணு போச்சு அக்கா, மரச்சீனிக் கொழ தின்னுட்டுதாக்கும். பொய் சொல்லப்பிடாதுல்லா" என்றார். மரச்சீனி (மரவள்ளி) இலை ஆட்டுக்கு நஞ்சு, அதைப் பின்னால் சொல்கிறேன். அவரிடம் நம்பி வாங்கினேன். மூன்று மாதம் நிறைந்த, தாய்ப்பால் மறந்த குட்டிதான் வாங்க ஏற்றது. கைக்குள் அடங்குகிறதே என்று ஒரு மாதக் குட்டியைப் பிள்ளைகள் ஆசைக்கு வாங்காதீர்கள். அதற்குத் தாய் வேண்டும்.

12. கொண்டுவரும்போது மோட்டார் சைக்கிளில் கால் கட்டித் தொங்கவிடாமல், ஓட்டோவில் சாக்கு விரித்துக் கொண்டுவாருங்கள். வந்தவுடன் தீனியை நிரப்பாதீர்கள். முதலில் தண்ணீரும் கொஞ்சம் பிலா இலையும். பழைய வீட்டில் தின்ற தீனியில் நாலைந்து நாளுக்கானதைக் கேட்டு வாங்கி வந்து, நம் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். ஆட்டின் வயிற்றில் தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை புதுத் தீனிக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

13. வீட்டில் ஏற்கெனவே ஆடு இருந்தால், புதியதை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கமாகவோ கார் நிற்கும் கொட்டகையிலோ கட்டலாம். ஒரே வாளியில் தண்ணீர் வைக்காதீர்கள். தினமும் பழைய ஆட்டைக் கவனித்துவிட்டுக் கடைசியில் புதியதிடம் போங்கள். குட்டி தனியாகக் கத்துகிறது என்று மனம் இளகி ஒரு நாளிலேயே சேர்த்துக் கட்டி, முழுத் தொழுவத்தையும் இழந்த வீட்டை எனக்குத் தெரியும்.

14. நம் ஊருக்குப் பரண் கொட்டகைதான் சரி. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கமுகு வாரியை வரிசையாக அடித்து, ஒரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், ஆடு உலர்ந்து கிடக்கும். இடைவெளி கூடினால் குட்டியின் கால் சிக்கி முறியும். குழையைத் தரையில் போடாமல் ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடு இயல்பாகவே நிமிர்ந்து தின்னும் பிராணி. புழுவின் முட்டையும் குஞ்சும் இருப்பது தரையோரப் புல்லில். பனி ஈரம் காயும் முன் சானல்கரைப் புல்லில் மேய விடக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்.

15. நோயைக் கண்டுபிடிக்க முதலில் நலம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். வாங்கிய முதல் வாரத்தில் ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். ஓய்வாக இருக்கும் ஆட்டின் உடல் சூடு 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட். மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். ஆட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் சூடு கொஞ்சம் ஏறும், அதனால் காலையில் பாருங்கள். 104-ஐத் தாண்டினால் காய்ச்சல். 101-க்குக் கீழே இறங்கினால் அதைவிட மோசம். மூச்சு நிமிடத்துக்கு 15 முதல் 30. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளே அலைபோலப் புரள்வது தெரியும். அந்தப் புரளல் நின்றால் செரிமானம் நின்றுவிட்டது.

16. மருந்து எடைக்குத் தக்கபடி. "ஒரு மூடி கொடு" என்பது அளவல்ல. குறைவாகக் கொடுத்தால் புழு சாகாது, பழகிக்கொள்ளும். சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். பெரிய ஆட்டுக்குத் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு எத்தனை அங்குலம், தோள்முனையிலிருந்து இடுப்பெலும்பின் பின்முனை வரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் ஏறக்குறைய எடை வரும். சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோ. சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, வயிற்றுக் குட்டி ஊனமாகும்.

17. மருந்து புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சை வாயோரத்தில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்கக் கொடுங்கள். இருமினால் உடனே விட்டுவிடுங்கள். நோயைவிட நுரையீரலுக்குள் போன மருந்தால் செத்த ஆடுகள் அதிகமோ என்று சில நேரம் நினைப்பேன்.

18. நம் மாவட்டத்தில் ஆட்டுக்கு எமன் வேலியோரத்திலேயே நிற்கிறது. மரச்சீனியின் இலை, கொழுந்து, கிழங்குத் தோல் எல்லாவற்றிலும் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. கிழங்கு அவித்த தண்ணீரை நாம் கொட்டிவிடுவது அதற்காகத்தான். அந்தத் தண்ணீரைக் காடிப் பானையில் ஊற்றாதீர்கள். இலையை நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெரும்பாலும் போய்விடும், ஆனால் மழைக்காலத்தில் உலர்ந்தது என்று நம்பி அரைகுறையாகப் போட்டுவிடுகிறோம். ரப்பர் இலையிலும் இதே நஞ்சுதான். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் ரப்பர் தோட்டங்களைச் சாய்த்தபோது, எட்டாத உயரத்தில் இருந்த கொப்பெல்லாம் தரையில் கிடந்தது. காற்றுமழை அடித்த மறுநாள் ஆட்டை அவிழ்ப்பதற்கு முன் விளையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இந்த நஞ்சு தாக்கிய ஆடு சில நிமிடங்களிலேயே வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும், தள்ளாடும், நுரை தள்ளும், இமையின் உள்பக்கம் பளிச்சென்று சிவக்கும். வீட்டில் செய்ய வைத்தியம் இல்லை. மருத்துவரிடம் நரம்பில் போடும் மாற்று மருந்து உண்டு, அது நேரத்துக்குள் கிடைத்தால் எழுந்து நிற்கும். "மரச்சீனி தின்றது, இத்தனை மணிக்கு" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அரளியும் அப்படியே. தோவாளைப் பூச்சந்தைக்காக அரளி வளர்ப்பவர்கள் கவாத்து செய்த கொப்பை ஆடு எட்டும் இடத்தில் போடக் கூடாது. சாமிக்குச் சாத்திய அரளி மாலையைப் பிள்ளைகள் பாசத்தில் ஆட்டின் கழுத்தில் போடுவார்கள். பக்கத்து ஆடு அதைக் கடித்தால் இதயம் நின்றுவிடும், காய்ந்த இலைக்கும் நஞ்சு குறையாது. உண்ணிச்செடி தின்ற ஆட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயிலில் நின்றால் முகமும் காதும் வெந்து உரியும்.

19. கல்யாணம், கொடை, ஓணம் முடிந்த மறுநாள் ஆட்டைக் காப்பாற்றுங்கள். மீந்த சோறும் பாயசமும் ஆட்டுக்கு விருந்தல்ல. வயிறு நிறையச் சோறு தின்றால் வயிற்றுக்குள் அது புளித்து அமிலமாகும். சாயங்காலம் ஆடு மந்தமாகும், வயிறு தளும்பும், அடுத்த நாள் புளித்த நாற்றத்தோடு கழியும், படுத்துவிடும். பழுத்த சக்கையை முழுசாகப் போட்டாலும் இதுவே நடக்கும். இலையை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், சுளையையும் சோற்றையும் கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள். அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால் தண்ணீரும் தவிடும் மேலே மேலே கொடுக்காமல், வயிறு கெடும் முன்பே மருத்துவரை அழையுங்கள்.

20. இடது பக்கம் மட்டும் பள்ளம் மறைந்து மத்தளம் போல உப்பினால் அது உப்புசம். ஈரமான பயறு வகைக் கொழுந்தை வெறும் வயிற்றில் தின்றால் வரும். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், படுக்க விடாதீர்கள், மெல்ல நடத்துங்கள். நுரையைக் குறைக்க 50 மில்லி கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ முன்பு சொன்ன முறையில் கொடுக்கலாம். மூச்சு முட்டினால் எண்ணெயோடு போராட நேரமில்லை, மருத்துவர்தான்.

21. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், பிறகு அது கெட்டியான சளி, வாயில் புண், நாற்றம், கடைசியில் பீய்ச்சிக் கழிச்சல். இந்த வரிசையில் வந்தால் ஆட்டுக்கொல்லி நோய். ஒன்றில் தொடங்கி நாலைந்து நாளில் அடுத்ததற்குப் போகும். மாட்டுக்கு வந்து ஊரையே காலி செய்த வெக்கை நோயின் நெருங்கிய உறவுக் கிருமி இது. இந்தியாவில் இதை முதன்முதலில் கண்டறிந்தது நம் தமிழ்நாட்டில்தான், 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியிலிருந்தே நம் கால்நடைப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியும் உருவாக்கியது. வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். இதையும் 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஊசி மூன்று வருஷம் காக்கும். மூன்று நான்கு மாதம் நிறைந்த குட்டிக்குப் போடலாம். அரசு முகாம் அறிவிப்பு வந்தால் வயல் வேலையை ஒரு நாள் தள்ளிவைத்தாவது ஆட்டைக் கொண்டுபோங்கள். நோய் வந்த பிறகு இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. கூட வரும் சளிக்கும் கழிச்சலுக்கும்தான் வைத்தியம். மனிதருக்கு இது தொற்றாது.

22. முதல் மழைக்குப் பிறகு புதுப்புல் தின்ற கொழுத்த ஆடு, நேற்று வரை நன்றாக இருந்தது, துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. தொழுவத்தில் நன்றாகத் தின்பவற்றைத்தான் அது முதலில் எடுக்கும். மழைக்கு முன் வருஷந்தோறும் ஊசி.

23. கிடா அடிக்கடி முக்கி நின்று, மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். மூத்திரப் பாதையில் கல் அடைத்திருக்கலாம். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். தவிட்டையே பிரதான தீனியாகக் கொடுத்து, தண்ணீரைக் குறைத்தால் வருவது இது. சின்ன வயதிலேயே விதையடித்த கிடாவுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாளே மூத்திரப்பை வெடித்துவிடலாம்.

24. உதட்டோரத்தில் கறுத்த பொருக்குப் புண் வந்தால் கையுறை போட்டு மருந்து தடவுங்கள். அது மனிதர் கையிலும் ஒட்டும், பிள்ளைகள் முத்தமிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டை நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குக் கொண்டுபோங்கள். நாய் கடித்து வாரங்கள் கழித்து ஆட்டின் குரல் கரகரத்து ஓயாமல் கத்தினால், எச்சில் ஒழுகினால், விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். எச்சில் பட்டவர்கள் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

25. திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பான் என்று சந்தேகப்படுங்கள். அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், கறியை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும், மனிதரையும் கொல்லும். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

26. தொழுவத்துத் தூணில் இரண்டு விஷயம் எழுதி வையுங்கள்: உங்கள் ஊர் கால்நடை மருந்தக மருத்துவரின் எண், நடமாடும் கால்நடை ஊர்திக்கான 1962. அழைக்கும்போது "ஆட்டுக்குச் சுகமில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. கடைசியாக எப்போது தின்றது, அசைபோடுகிறதா, சூடு எத்தனை, இமை என்ன நிறம், புழுக்கை எப்படி விழுகிறது, நேற்றிலிருந்து என்ன புதிதாகத் தின்றது, எடை எவ்வளவு, சினையா என்று அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் புழுக்கையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், சோதித்தால் எந்தப் புழு என்று தெரியும். சிக்கலான கேஸ் என்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன ஐப்பசியில் என் செவலைப் பெட்டை காலைத் தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. சூடு 104.8, இமை சிவப்பு, புழுக்கை காய்ந்து சின்னதாக இருந்தது. ஏழரை மணிக்கே அழைத்துச் சொன்னேன், பத்து மணிக்கு ஊசி விழுந்தது. மறுநாள் சாயங்காலம் படுத்து அசைபோட்டது.